மேடு பார்த்து நிற்கும் கார்

வாசலில் ஒரு கார் எஞ்சினை அணைக்காமல் நின்றால் எனக்கு வீட்டுக்குள் இருப்புக்கொள்ளாது. யாருடைய காராக இருந்தாலும் சரிதான். எதிர்வீட்டுப் பையன் ஏசியைப் போட்டுக்கொண்டு, பெண்டாட்டி புறப்பட்டு வரும்வரை காரிலேயே உட்கார்ந்திருப்பான். நான் இங்கே அடுப்பில் வைத்ததை மறந்துவிட்டு ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடப்பேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் போய் அணைக்கச் சொல்லிவிட்டேன். பெட்ரோல் வீணாவதில் எனக்கு அக்கறை என்று நினைத்துக்கொண்டு அவன் நன்றி சொன்னான். பெட்ரோல் அவன் வீட்டுக் காசு, எனக்கென்ன வந்தது? உள்ளே யாரோ அவசர அவசரமாகச் செருப்பு மாட்டுகிறார்கள், சொல்ல வந்ததைப் பாதியில் விழுங்குகிறார்கள் என்று தோன்றிவிடுகிறது. அதுதான் என் தொல்லை.

இந்தத் தொல்லை என்னைப் பிடித்தது எழுபதுகளின் கடைசியில், ஆம்பூரில், அப்பா கார் வாங்கிய பிறகு.

அப்பா அங்கே ஒரு தோல் ஷாப்பில் சூப்பர்வைசர். தோல் பதனிடும் இடத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர். முதலாளி புதுக் கார் எடுத்தபோது தன் பழைய அம்பாசடரை அப்பாவின் தலையில் கட்டிவிட்டார். கார் எங்கள் தெருவுக்கு வந்த அழகே தனி. ஷாப்பு ஆட்கள் பின்னாலிருந்து தள்ள, அப்பா உள்ளே ராஜா மாதிரி உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு வந்தார். காரணம், வண்டியில் செல்ஃப் எடுக்காது. சாவியைத் திருப்பினால் எஞ்சினை எழுப்பிவிடுகிற ஸ்டார்ட்டரைத்தான் எல்லோரும் செல்ஃப் என்பார்கள். எங்கள் காரில் சாவியைத் திருப்பினால் டக்கென்று ஒரு சத்தம் வரும், அதோடு சரி. பிறகு நாலு பேர் தள்ள வேண்டும், இல்லையென்றால் கார் தானாக உருளுகிற மாதிரி ஒரு சரிவு வேண்டும். உருளுகிற வேகத்தில் அப்பா கியரைப் போட்டுக் கிளட்சை விட்டால் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி உயிர் பெற்றுவிடும்.

தினமும் நாலு பேருக்கு எங்கே போவது? ஆகவே சரிவுதான். எங்கள் தெரு பாலாற்றுப் பக்கமாக இறங்குகிற தெரு என்பதால் வீட்டில் கவலையில்லை. வாசலில் மூக்கைக் கீழ்ப்பக்கம் வைத்துக்கொண்டு கார் நிற்கும். முன் சக்கரத்துக்கு ஒரு கருங்கல்லை அண்டக் கொடுப்பதும் எடுப்பதும் என் வேலை. எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. காலையில் அப்பா ஏறி உட்கார்ந்து, “கல்ல எடு பாப்பா” என்பார். கல்லைத் தூக்கிக்கொண்டு நான் ஒதுங்கிக்கொள்வேன். கார் உருண்டு போய், தெருமுனையில் இருமி, புகை விட்டு, எனக்காக உறுமிக்கொண்டே காத்திருக்கும். நான் ஓடிப்போய் ஏறிக்கொள்வேன். கல்லும் எங்களோடு டிக்கியில் ஊர் ஊராகப் பிரயாணம் செய்தது.

மற்ற ஊர்களில் மேட்டைத் தேடிக்கொண்டுதான் அலைவோம். நல்ல பிரியாணிக் கடையை எல்லாம் ஏக்கத்தோடு தாண்டிப் போய், சரிவில் இருந்த சுமாரான கடையில் சாப்பிட்டோம். மேட்டில் வீடு கட்டியிருந்த தூரத்து உறவுக்காரர்கள் நெருங்கிய சொந்தம் ஆனார்கள். சமதரையில் இருந்தவர்கள், என்னடா இது, கார் வந்ததும் இவர்களைக் கண்ணிலேயே காணோம் என்று பேசிக்கொண்டார்கள். ஒருமுறை ஏலகிரிக்குப் போனோம். மலைப்பாதையில் எங்கே நிறுத்தினாலும் சரிவு. அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கார் வந்ததும் அப்பாவுக்கு அபிப்பிராயங்களும் வந்துவிட்டன. அதற்கு முன் சைக்கிள் வைத்திருந்தவர்தான். சைக்கிளைப் பற்றி வாய் திறந்ததில்லை. கார் விஷயத்தில் அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ஹார்ன் அடிக்கிறவனுக்குத் தன் பிரேக் மேலேயே நம்பிக்கை கிடையாது என்பார். கிளட்சின் மேல் எப்போதும் காலை வைத்திருக்கிறவன் வீட்டில் பெண்டாட்டியையும் நிம்மதியாக இருக்கவிட மாட்டானாம். பின்சீட்டில் யாரும் தூங்கக் கூடாது, தூக்கம் முன்சீட்டுக்குப் பரவிவிடும். வெள்ளைக் கார் வாங்குகிறவனுக்கு வேறு வேலை இல்லை, கழுவிக்கொண்டே கிடக்க வேண்டியதுதான். இறக்கம் வந்தால் வண்டியை நியூட்ரலில் போட்டு விட்டுவிட வேண்டும், ஆண்டவன் இனாமாகக் கொடுக்கிற தூரத்துக்குப் பெட்ரோலை எரிப்பது பாவம். இந்தக் கடைசி அபிப்பிராயம் சுத்தத் தப்பு, ஆபத்தும்கூட. பிற்காலத்தில் எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் நான் அப்படிச் செய்ததைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டு பாய் அப்பாவுக்கு நல்ல தோஸ்த். அவர்கூட ஒருநாள், “கார் ஓட்றது கம்மி, கார் பேச்சு ஜாஸ்தி” என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். உண்மையில் அப்பாவால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. சாப்பிடும்போதும் முழங்கால் ஆடிக்கொண்டிருக்கும். கையில் எந்நேரமும் கார் சாவி குலுங்கும். அந்தச் சாவியில் ஒரு தோல் துண்டை வெட்டிக் கோத்திருந்தார், கையகலம் இருக்கும், ரத்தச் சிவப்பு. எங்கே வைத்தாலும் கண்ணில் படட்டும் என்பது காரணம். சட்டைப் பையில் சாவியைப் போட்டால் தோல் துண்டு வெளியே நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும்.

அப்பாவின் ஊரை விட்டால், சமதரையில் நாங்கள் தவிர்க்க முடியாத ஒரே வீடு வேலூர் மாமா வீடு. மாமா என்றால் அம்மாவின் அண்ணன், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வெள்ளைச் சட்டை தவிர வேறு நிறத்தில் அவரை நான் பார்த்ததில்லை. அம்மாவின் அப்பா, என் தாத்தா, அவரோடுதான் இருந்தார். தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அம்மா ஆம்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊரார் அப்பாக்களுக்கு எல்லாம் மருந்து கொடுத்துக் கஞ்சி ஊட்டுகிறவள், தன் அப்பாவைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருப்பாள். காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்ததும் அவள் சேலைகூட மாற்றாமல் நிற்பாள். அப்பா சர்ச்சுக்கு வரமாட்டார், அவர் ஒடுகத்தூர் பக்கத்து விவசாயக் குடும்பம், எங்கள் கோயில் திருவிழாவெல்லாம் அங்கேதான். நான் இரண்டு இடத்திலும் பிரசாதமோ கேக்கோ கிடைத்தால் சரி என்று இருந்தேன்.

மாமாவின் தெரு இழைப்புளி போட்டு இழைத்த மாதிரி சமமாக இருக்கும். அங்கே காரை அணைத்தால் போச்சு. அதனால் அப்பா அணைக்கமாட்டார். வாசலில் நிறுத்துவார், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், அம்மாவும் நானும் இறங்கி உள்ளே போவோம். அப்பா இறங்கமாட்டார். இறங்கினாலும் காரைச் சுற்றி நடப்பார், பானெட்டைத் தொட்டுப் பார்ப்பார், டயரை உதைப்பார். அத்தை, அதாவது மாமாவின் மனைவி, “வண்டி நிக்காதாமே இன்னும்” என்று கேட்பாள். அம்மாவும், “ஆஃப் பண்ணா எடுக்காது அண்ணி, அதான் அவரு எறங்கல” என்பாள். ஒவ்வொரு முறையும் அதே கேள்வி, அதே பதில். மாமா ஒன்றும் கேட்கமாட்டார். ஈஸிசேரில் பேப்பரை விரித்துக்கொண்டிருப்பார்.

பாவம், நான்தான் நடுவில் ஓடிக்கொண்டிருப்பேன். எஞ்சின் சத்தம் வீட்டுக்குள் தாத்தாவின் கட்டில் வரைக்கும் கேட்கும். ஜன்னல் கண்ணாடி லேசாக அதிரும். அம்மா கட்டிலின் விளிம்பில் பாதி உட்கார்ந்தும் உட்காராமலும் இருப்பாள். வெளியே அப்பா, “முடிஞ்சுதான்னு கேட்டுட்டு வா” என்பார். உள்ளே அம்மா, “இதோ வர்றேன்னு சொல்லு” என்பாள். வாசற்படிக்கும் காருக்கும் நடுவில் எனக்குக் கால் தேய்ந்தது. அத்தை கொடுத்த காப்பியை நான் ஒருநாளும் ஆறவைத்துக் குடித்ததில்லை. கொஞ்சம் தாமதமானால் ஹார்ன் சத்தம் கேட்கும். ஆமாம், பிரேக் மேல் நம்பிக்கை இல்லாதவன் அடிப்பது என்று சொன்னாரே, அதே ஹார்ன். ஊரெல்லாம் இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடித்தவர், இந்தத் தெருவில் நின்ற இடத்திலேயே எரித்துக்கொண்டிருந்தார். இந்த இரண்டும் எனக்கு உறுத்தத்தான் செய்தன. ஆனால் பெரியவர்கள் காரியத்தில் இப்படி நிறைய இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஒடுகத்தூரும் சமதரைதான். அங்கே போனால் அப்பா நெல்லடிக்கும் களத்தில் காரை நிறுத்தி, தயங்காமல் அணைத்துவிட்டு, சித்தப்பா வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டுத் தூங்குவார். கிளம்பும்போது வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வந்து தள்ளுவார்கள், அது ஒரு திருவிழா மாதிரி நடக்கும். வேலூரிலும் அப்படித் தள்ளச் சொன்னால் என்ன என்று அப்பாவிடம் கேட்டேன். “அவங்கெல்லாம் வெள்ள சட்ட போட்டவங்க. தள்ளமாட்டாங்க” என்றார். நியாயமாகத்தான் பட்டது. காரின் பின்பக்கம் கரி ஒட்டும், சட்டை பாழாகிவிடும்.

அந்த வருஷம் கத்திரி வெயில் மண்டையைப் பிளந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. தாத்தாவுக்கு ஒரு வாரமாக ஆகாரம் சரியாக இறங்கவில்லை என்று வேலூரிலிருந்து வந்த யாரோ சொல்லியிருந்தார்கள். போகிற வழியில் மாதனூரிலும் பள்ளிகொண்டாவிலும் அப்பா வழக்கம்போல லாரிக்காரர்களைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். அம்மா கேட்கவில்லை. மடியில் இருந்த டிபன் கேரியரைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். தாத்தாவுக்குப் பிடிக்கும் என்று புழுங்கலரிசியை வறுத்து உடைத்துக் கஞ்சி வைத்து எடுத்து வந்திருந்தாள்.

வாசலில் நின்றதும் அம்மா கேரியரோடு உள்ளே ஓடினாள். நான் பின்னால் போனேன். தாத்தாவைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மாறியது. நர்ஸ் என்பதால் எங்களுக்குத் தெரியாத எதையோ பார்த்த பார்வை அது. தலையணையை உயர்த்தி வைத்து ஸ்பூனால் கஞ்சி ஊட்ட ஆரம்பித்தாள். தாத்தா ஒரு வாயை விழுங்க ஒரு யுகம் ஆனது. தொண்டை ஏறும், இறங்கும், நிற்கும். அம்மா அவர் தாடையைத் தடவிக்கொடுத்துக்கொண்டே காத்திருந்தாள். வெளியே எஞ்சின் இரைந்துகொண்டிருந்தது.

கிண்ணம் பாதிகூட ஆகவில்லை, ஹார்ன் அடித்தது. அம்மாவின் கை வேகமானது. அடுத்த ஸ்பூன் சீக்கிரம் போய்விட்டது போலிருக்கிறது, தாத்தாவுக்குப் புரையேறிவிட்டது. முகமெல்லாம் சிவந்து, கண் பிதுங்கி, சத்தமே வராமல் இருமினார். அம்மா அவரை ஒருக்களித்துப் பிடித்து முதுகில் தட்டினாள். அத்தை தண்ணீர் கொண்டு வந்தாள். மாமா பேப்பரை எறிந்துவிட்டு எழுந்து வந்து நின்றார், என்ன செய்வது என்று தெரியாமல் விசிறியால் வீசினார். ஒருவழியாக மூச்சு திரும்பியது. தாத்தாவின் இடது கை அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. அந்த ஒரு கைக்குத்தான் அவரிடம் மிச்சமிருந்த பலம் எல்லாம்.

மறுபடியும் ஹார்ன். அம்மா தாத்தாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தாள். சுண்டுவிரலைப் பிரித்துவிட்டு அடுத்ததற்குப் போவதற்குள் சுண்டுவிரல் மறுபடி பிடித்துக்கொள்ளும். அம்மா அழுதாள். எனக்குத் தெரிந்து அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. “அப்பாகிட்ட போய்ச் சொல்லு, இன்னும் கொஞ்ச நேரம்” என்றாள்.

ஓடினேன். காரில் அப்பா இல்லை. ரேடியேட்டர் கொதித்து மூடியருகே ஆவி வந்துகொண்டிருந்தது. டின்னை எடுத்துக்கொண்டு அவர் தெருக்கோடிக் குழாய்க்குப் போய்க்கொண்டிருந்தார், முதுகு தெரிந்தது. கார் மட்டும் தனியாக, ஆளில்லாமல், உடம்பெல்லாம் ஆட நின்று இரைந்துகொண்டிருந்தது. எனக்குக் கோபமாக வந்தது, கார் மேல்தான். இது நின்றுவிட்டால் யாரும் எங்கேயும் போக முடியாது, அம்மா உட்கார்ந்துதானே ஆகவேண்டும் என்று தோன்றியது. கதவைத் திறந்து ஏறி, சிவப்புத் தோல் துண்டைப் பிடித்துச் சாவியைத் திருப்பினேன்.

தெரு அப்படி ஒரு அமைதியாகிவிட்டது. எங்கேயோ ஒரு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது அப்போதுதான் காதில் விழுந்தது. சத்தம் நின்றதைக் கேட்டு மாமா வாசலுக்கு வந்துவிட்டார். டின்னோடு அப்பாவும் ஓட்டமும் நடையுமாக வந்தார், பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்திவிட்டது.

“யாரு ஆஃப் பண்ணது?”

“நான்தான். தாத்தாவுக்குப் புரையேறிடுச்சி. அம்மா உக்காரணும்” என்றேன்.

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அப்பா வீட்டுப் பக்கம் பார்த்தார். பிறகு என்னைக் கீழே இறக்கிவிட்டு அவர் ஏறி உட்கார்ந்தார். சாவியின் மேல் கையை வைத்தார். கொஞ்ச நேரம் வைத்தபடியே இருந்தார். அப்புறம் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மாமா படியிலிருந்து என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அவர் எப்போதுமே அப்பாவிடம் நேராகப் பேசமாட்டார், நடுவில் நான் இருப்பேன். “இன்னா ஆச்சி பாப்பா?”

“வண்டி நின்னுடுச்சி மாமா. இனிமே தள்ளினாத்தான் எடுக்கும்” என்றேன். அப்பா கண்ணாடி வழியாக நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். அந்த வெயிலில் ஒரு ஈ காக்கா இல்லை. சர்ச்சுக்குப் போட்டுக்கொண்டு போன வெள்ளைச் சட்டை, கஞ்சி மொடமொடப்பு இன்னும் குறையாமல் உடம்பில் இருந்தது. கையை மடித்துவிட்டுக்கொண்டு காரின் பின்னால் போய்க் குனிந்தார். நானும் பக்கத்தில் கையை வைத்தேன். கார் அசைந்தது. மாமா வாத்தியாராக இருந்தாலும் நல்ல பலம். தெருக்கோடி வரைக்கும் தள்ளினோம், கார் இருமக்கூட இல்லை. அங்கிருந்து திருப்பி வைத்துக்கொண்டு மறுபடி வீட்டு வாசலுக்குத் தள்ளினோம், அப்போதும் இல்லை. மாமாவுக்கு மூச்சு வாங்கியது. முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது. நெஞ்சுப் பக்கம் பூராவும் கரி.

நான் முன்பக்கம் ஓடி அப்பாவை எட்டிப் பார்த்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து சிவப்புத் தோல் துண்டு நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. தள்ளி ஸ்டார்ட் பண்ணும்போது சாவி தேவையில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மாமாவும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு டிரைவர் பக்கம் வந்தார். ஜன்னலில் கை ஊன்றினார். என்னவோ சொல்ல வாயெடுத்தவர் அப்பாவின் சட்டைப் பையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். அப்பாவும் அவரைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் வியர்வை சொட்டியது.

“உள்ள வாங்க. வெயில் எறங்கட்டும்” என்றார் மாமா. நேராக அப்பாவிடமே சொன்னார்.

“பரவால்ல. நான் இங்கயே இருக்கேன்.”

“வாங்கன்றேன் இல்ல” என்று மாமா கதவைத் திறந்தார்.

அப்பா செருப்பை வாசலில் விட்டுவிட்டு, வேட்டி நுனியைச் சரிசெய்துகொண்டு, யாரோ மாதிரி உள்ளே வந்தார். அம்மா அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள், தாத்தாவின் பிடி விடவில்லை. அத்தை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள், போட்டுவிட்டு முந்தானையால் துடைத்தாள். அப்பா கட்டிலருகே உட்கார்ந்தார். அம்மா கஞ்சியை மறுபடி சூடு பண்ண வேண்டியிருந்தது. அவள் தன் கையை உருவிக்கொண்டபோது தாத்தாவின் கை அந்தரத்தில் தடவியது, பக்கத்தில் இருந்த அப்பாவின் மணிக்கட்டு கிடைத்தது, அதைப் பிடித்துக்கொண்டது. யாரென்று தெரிந்து பிடித்தாரா, அம்மாவின் கை என்று நினைத்துக்கொண்டாரா, அதைச் சொல்ல அவருக்கு வாய் இல்லை.

ஓர் இடத்தில் உட்காராத அப்பா அன்று மதியம் பூராவும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முழங்கால்கூட ஆடவில்லை. அம்மா ஒவ்வொரு வாயாக, நிதானமாகக் கஞ்சியை ஊட்டி முடித்தாள். தாத்தாவின் வாயைத் துடைத்து, முகத்துக்குப் பவுடர் போட்டாள். பிறகு எல்லோருக்கும் சாப்பாடு வந்தது. அப்பா இடது கையைத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டு வலது கையால் மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டார். மாமா கரிச்சட்டையை மாற்றாமலே எதிரில் உட்கார்ந்தார். கார் பேச்சு எப்படியோ ஆரம்பித்தது. டீசல் வண்டி நல்லதா பெட்ரோல் வண்டி நல்லதா என்று மாமா கேட்டார். நான் பயந்துபோனேன், அப்பா ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாரே. ஆனால் அவர், “ரெண்டும் நல்லதுதான்” என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். இப்படி ஒரு அபிப்பிராயத்தை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

வெயில் தாழ்ந்து தாத்தா தூங்கிய பிறகுதான் கிளம்பினோம். அம்மாவும் நானும் ஏறிக்கொண்டோம். மாமா மறுபடி கையை மடித்துவிட்டுக்கொண்டு பின்னால் போய்க் குனிந்து, தள்ளத் தயாராக நின்றார். அப்பா பையிலிருந்து சாவியை எடுத்துப் போட்டார், திருப்பினார். வண்டி ஒரே திருப்பில் எடுத்துக்கொண்டது. புது வண்டி மாதிரி.

“அப்பா, செல்ஃப் எடுத்துடுச்சி” என்று நான் கத்தினேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால், மாமா கையை இன்னும் டிக்கியின் மேலேயே வைத்திருந்தார். பிறகு மாட்டைத் தட்டிக்கொடுப்பது போல இரண்டு தட்டு தட்டிவிட்டு நிமிர்ந்தார். அம்மா என்னிடம், “வாய மூடிட்டு உக்காரு” என்றாள், ஆனால் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு மதியம் பூரா ஓய்வு கொடுத்ததில் வண்டிக்கு உடம்பு சரியாகிவிட்டது என்று நான் தீர்மானித்துவிட்டேன். எல்லாம் என்னால்தான் என்று ஆம்பூர் வரும்வரை எனக்கு ஒரே பெருமை.

அம்மா இதை என்னிடம் பேசியது ரொம்ப நாள் கழித்து, எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்தபோது. அப்பாவும் அம்மாவும் வீட்டை எதிர்த்துப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். வேற்று மதம், அதிலும் தோல் ஷாப்புக்காரன். அவன் என் வாசற்படியை மிதிக்கக் கூடாது என்று மாமா அன்றைக்கே சொல்லிவிட்டார். தாத்தா அப்போது வாயைத் திறக்கவில்லை, பிறகு திறக்க முடியவில்லை. தாத்தா படுத்த பிறகு அம்மா மட்டும் வரலாம் என்று ஆனது. அப்பாவுக்கு அவளைத் தனியாக பஸ்ஸில் அனுப்ப மனமில்லை, கூப்பிடாத வாசலில் வெறுமனே நிற்கவும் மனமில்லை. காரின் செல்ஃப் உண்மையிலேயே கெட்டிருந்தது முதல் சில மாதங்கள்தானாம். அப்புறம் அப்பா அதைச் சரிபண்ணிவிட்டார். ஆனால் யாரிடமும் சொல்லாமல் வீட்டில் சரிவில் உருட்டியே எடுத்தார், ஒடுகத்தூரில் தள்ளவைத்தே எடுத்தார், வேலூரில் அணைக்காமலே வைத்திருந்தார். அம்மாவுக்கு இது தெரியும். தெரியும் என்பது அப்பாவுக்கும் தெரியும். ஆனாலும் அதைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. கெட்டுப்போன செல்ஃப் என்று ஒன்று இருந்ததால், உள்ளே வாங்க என்று மாமா சொல்லாமல் இருக்க முடிந்தது, வரமாட்டேன் என்று அப்பா சொல்லாமல் இருக்க முடிந்தது. தன் அப்பாவை ஓடுகிற எஞ்சின் சத்தத்தில் பார்த்துவிட்டு வந்தது அம்மா ஒருத்திதான். அதைச் சொல்லும்போது அவள் குரலில் அந்தப் பழைய அவசரம் இருந்தது, எனக்கு மனசு வலித்தது.

அன்று அப்பா சாவியைப் பையில் போட்டுக்கொண்டது எதற்காக என்று அம்மாவிடம் கேட்டேன். வெள்ளைச் சட்டைக்காரரைத் தன் காரைத் தள்ளவைத்துப் பார்க்கும் ஆசையா, இல்லை, அவள் இன்னும் கொஞ்ச நேரம் உட்காரட்டும் என்றா? அம்மா யோசித்தாள். “ரெண்டும்தான்” என்றாள்.

ஆனால் அந்த வயதில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வேலூருக்குப் போனோம். தாத்தா இருந்த கடைசி ஞாயிறு அதுதான் என்பதும் எங்களுக்குத் தெரியாது. அப்பா வாசலில் காரை நிறுத்தினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் கை சாவியின் மேல் போய் நின்றது, திருப்பவும் இல்லை, எடுக்கவும் இல்லை. மாமா வீட்டுக்குள்ளிருந்து வேகமாகப் படியிறங்கி வந்தார். வெளுத்த வெள்ளைச் சட்டை, நெஞ்சில் போன வாரத்துக் கரி முழுசாகப் போகாமல் மங்கலாகத் தெரிந்தது. ஜன்னலருகே வந்து குனிந்தார்.

“ஆஃப் பண்ணிடுங்க மாப்ள. எடுக்கலன்னா நான் தள்றேன்.”

இந்த மாமாவுக்குக் கார் தள்ளுவதில் இவ்வளவு ஆசையா என்று நான் நினைத்துக்கொண்டேன்.